ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ்: டர்பனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

“கண்ணை மூடுங்கள். மூச்சைக் கவனியுங்கள். எண்ணங்களை மேகம் போல மிதந்து போக விடுங்கள்.” எந்தத் தியான ஆப்பைத் திறந்தாலும் முதல் நிமிடம் இப்படித்தான் போகும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பலர் அந்த நிமிடத்திலேயே ஆப்பை மூடிவிடுகிறார்கள். கண்ணை மூடினால் ஃப்ரிட்ஜின் இரைச்சல் மண்டைக்குள் ஏறுகிறது. மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுவது போல இருக்கிறது. எண்ணம் எப்படி மேகமாகும் என்று யோசிக்கத் தொடங்கினால் அந்த யோசனை முடிவதில்லை. “இதெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இந்த நொடியில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பயிற்சிதான் மைண்ட்ஃபுல்னெஸ். சொல்லிக்கொடுக்கிற முறையைக் கொஞ்சம் மாற்றினால் இவர்களில் பலருக்கு இது ஒத்துவரும்.

என் தம்பிக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தபோது அவனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவன், கணக்கு எழுதும் வேலை, “கோவக்காரப் பையன்” என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவன். அவனோடு சேர்ந்து கற்றதையும், இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன். இங்கே இளையவர்களுக்கு ஆங்கிலத்தில் எத்தனையோ கிடைக்கிறது. வீட்டில் கூட இருக்கும் அம்மா, ஆயாவுக்கும் (பாட்டிக்கும்), இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து டர்பனிலும் ஜோஹானஸ்பர்க்கிலும் இருப்பவர்களுக்கும் தமிழில் ஒன்று வேண்டும். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, அளவாக. 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான் இன்றைய மைண்ட்ஃபுல்னெஸ் சிகிச்சைகளுக்கு மூலம். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக அதிலிருந்து இன்னொரு வடிவம் பின்னால் வந்தது. அந்த இரண்டாவது வடிவத்தை ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு ஏற்றபடி மாற்றியவர் நெதர்லாந்தின் அனலீஸ் ஸ்பெக். 2013-இல் அவரது குழு 42 பேரை வைத்து நடத்திய ஆய்வில் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, ஒன்றையே நினைத்து நினைத்துக் குமைவது மூன்றும் குறைந்தன. 2015-இல் 50 பேரை வைத்து நடந்த அடுத்த ஆய்வில், பயிற்சி முடிந்து ஒன்பது வாரம் கழித்தும் பலன் நின்றிருந்தது.

அவர் என்ன மாற்றினார் என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. உவமைகளை எடுத்துவிட்டார். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்பவரிடம் மேகம், நதி, மலை என்று பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். எண்ணங்களை அலசி ஆராயும் பகுதியையும் எடுத்துவிட்டார். மூன்று நிமிட மூச்சுப் பயிற்சியை ஐந்து நிமிடமாக்கினார்; எட்டு வாரத்தை ஒன்பதாக நீட்டினார். தகவல் உள்ளே போய்ச் சேர இவர்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதுதான் காரணம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சிறிய ஆய்வுகள், கலந்துகொண்டவர்கள் நன்றாகப் பேசிப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள். பேச்சு குறைவாக உள்ளவர்களுக்கும், அறிவுசார் குறைபாடும் சேர்ந்து உள்ளவர்களுக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆட்டிசத்தை “மாற்றுவது” இதன் நோக்கமும் இல்லை. ஆட்டிசம் அப்படியே இருக்கும். அதன் மேல் வந்து உட்காரும் பதற்றத்தையும் சோர்வையும் குறைப்பதற்குத்தான் இது.

முதல் படி: இடத்தை மாற்றுங்கள்

பயிற்சிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இதைத் தாண்டிப் போகிற வழிகாட்டிகள்மேல் எனக்குக் கோபமே உண்டு.

பெரிய வெள்ளிக்கிழமை, டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா. மேளம், ஒலிபெருக்கி, கற்பூரப் புகை, தோளோடு தோள் உரசும் கூட்டம். தம்பி வரிசையில் நிற்கிறான். விரல்கள் சட்டை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விடுகின்றன. காது சிவந்துவிட்டது. பக்கத்தில் ஒரு மாமி, “என்னப்பா, சாமி கும்பிட வந்துட்டு இப்படி மூஞ்சிய வச்சிருக்கே, அஞ்சு நிமிஷம் பொறு” என்கிறார். அவருக்கு அது ஐந்து நிமிடம். இவனுக்கு ஏற்கெனவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, வண்டி நிறுத்த இடம் தேடியதிலிருந்து.

இந்த நேரத்தில் “மூச்சைக் கவனி” என்று சொல்வது சிகிச்சை ஆகாது. மறு வருடம் விடிவதற்கு முன்பே போனோம். காதில் ஒலி குறைக்கும் பிளக். திரும்பிப் போகும் நேரம் முன்பே பேசிவைத்தது. பாதியில் வெளியே போனால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம். பயிற்சி எதுவும் இல்லாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எனவே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தச் சத்தம், எந்த வெளிச்சம், எந்த வாசனை, எந்தத் துணி, யாருடைய பேச்சு. மினிபஸ் டாக்ஸியில் அதிரும் பாட்டு, மாலின் டியூப் லைட், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் முதுகில் ஒட்டும் சட்டை. இவற்றில் எதை மாற்ற முடியும், எதைத் தவிர்க்க முடியும் என்று பாருங்கள். மாற்றவும் முடியாமல் தவிர்க்கவும் முடியாமல் மிஞ்சுவதற்குத்தான் பயிற்சி. வேலையிடத்தில் மேலாளர் கத்துவதைத் தாங்கிக்கொள்ள யாராவது மைண்ட்ஃபுல்னெஸ் சொல்லிக்கொடுத்தால், அந்த வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கவனம் எங்கே நிற்கும்?

கவனத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்க ஒரு பிடிப்பு வேண்டும். எல்லோருக்கும் மூச்சுதான் என்று விதி இல்லை. மூச்சைக் கவனித்தால் பதற்றம் ஏறுபவர்களுக்கு அது தவறான பிடிப்பு. உள்ளங்கை, கையில் ஒரு கூழாங்கல், மின்விசிறியின் ஒரே சீரான ஒலி, நடக்கும்போது பாதம் தரையில் படுவது, கண்ணைத் திறந்தபடி சுவரில் ஒரு புள்ளி என்று எதுவானாலும் சரி. உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவதும் விரல்களை அசைப்பதும் இயல்பாக வருகிறதென்றால் அதையே பிடிப்பாக வைத்துக்கொள்ளலாம். “அசையாமல் உட்கார்” என்பது இந்தப் பயிற்சியில் கிடையாது.

ஆயா கொடுத்த முருகன் மந்திரம் சிலருக்குப் பிடிப்பு. பைபிளின் சங்கீதம் 23 சிலருக்கு. சாட்ஸ்வொர்த்தில் ஒரே வீட்டில் ஒருவர் கோயிலுக்கும் இன்னொருவர் சர்ச்சுக்கும் போவது சாதாரணம். பயிற்சிக்கு மதம் தேவையில்லை, தடையும் இல்லை.

நான் முதலில் பரிந்துரைப்பது உள்ளங்கால். நிர்பய் சிங் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 2003-இல் வெளியிட்ட எளிய முறை இது. கோபத்தில் கை ஓங்குகிறவர்களுக்காக உருவானது. பிற்பாடு ஆட்டிசம் உள்ள பதின்வயதினருக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளங்கால் முகத்திலிருந்தும் நெஞ்சிலிருந்தும் தூரத்தில் இருக்கிறது. கோபமும் பயமும் கொதிக்கிற இடத்தை விட்டுத் தள்ளி, உணர்ச்சி ஏதும் ஒட்டாத ஓரிடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோகிறோம். டாக்ஸி வரிசையிலோ மீட்டிங்கிலோ செய்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

செய்முறையை இப்படியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனநிலையில் இருக்கும்போது பழகத் தொடங்க வேண்டும்.

நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படட்டும். கண் திறந்தே இருக்கலாம். மூச்சு அதன் போக்கில் போகட்டும். இப்போது கவனத்தை வலது உள்ளங்காலுக்குக் கொண்டுபோங்கள். கட்டைவிரலை மெதுவாக அசைத்துப் பாருங்கள். செருப்போ சாக்ஸோ தோலில் படுவதைக் கவனியுங்கள். பாதத்தின் நடுவில் தரையைத் தொடாத வளைவு இருக்கிறதா? குதிகாலில் எடை எவ்வளவு விழுகிறது? தரை குளிர்ச்சியா, சூடா? இடது காலுக்கும் இதையே செய்யுங்கள். கவனம் வேறு எங்காவது போய்விட்டால் கட்டைவிரலை ஒரு முறை அசைத்துத் திரும்பி வாருங்கள். மூன்று நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள்.

சில நாள் இது மட்டும். கால் சட்டென்று கிடைக்கத் தொடங்கியதும் ஒரு சந்தோஷமான நிகழ்ச்சியை நினைத்துவிட்டுக் காலுக்கு வாருங்கள். அதுவும் பழகியபின் லேசாக எரிச்சல் தந்த ஒன்று: சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிய மீட்டிங் நேரம், வரிசையில் முந்தியவர் மாதிரி. எரிச்சல் உடம்பில் ஏறட்டும். ஏறியதும் காலுக்கு வாருங்கள். வாழ்க்கையிலேயே பெரிய காயத்தை இதற்கு எடுக்காதீர்கள். அதைத் தெரபிஸ்டின் அறைக்கு விட்டுவையுங்கள்.

மூன்றாம் படி: நேரம், இடம், வார்த்தை மூன்றும் மாறாமல்

ஒரே நாற்காலி, ஒரே நேரம், ஒரே வாசகம். பலவிதமாகச் செய்தால்தான் சலிக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே நிலைமை தலைகீழ். மாறாமல் இருப்பதுதான் நிம்மதி. ஆப்பில் வரும் குரல் பிடிக்கவில்லை என்றால் வீட்டில் பிடித்த ஒருவர் குரலில் ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கரண்ட் போய் வைஃபையும் போனால் பழக்கம் குலையக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டில் மணல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்க்க முடிவதே சிலருக்குப் பெரிய ஆறுதல்.

நான்காம் படி: “மனசு எப்படி இருக்கு” என்று கேட்காதீர்கள்

தன் உணர்ச்சி இன்னதென்று கண்டுபிடிக்கவும் சொல்லவும் சிரமப்படும் நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருந்தது. மற்றவர்களில் 5 சதவீத அளவில்தான். ஆக, “என்ன உணர்றீங்க?” என்று கேட்டு ஆரம்பிக்கும் தெரபி பாதிப் பேருக்கு முதல் கேள்வியிலேயே முட்டிக்கொள்கிறது. வீட்டிலும் அதே கதைதான். அம்மா “மனசு எப்படிப்பா இருக்கு?” என்று பத்து தடவை கேட்பார், “தெரியல” என்று பதில் வரும், மறைக்கிறான் என்று அம்மா நினைத்துக்கொள்வார். அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

உடம்பைக் கேளுங்கள். தாடை, தோள், வயிறு, உள்ளங்கை, காது என்று ஐந்து இடம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஒரு எண். பூஜ்யம் என்றால் ஒன்றும் தெரியவில்லை; ஐந்து என்றால் தாங்க முடியவில்லை. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எழுதுங்கள். தம்பியின் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இப்படி இருக்கிறது: “தாடை 3. தோள் 2. வயிறு 0. கை 1. காது 4. டீ ரூமில் மைக்ரோவேவ் பீப்.” உணர்ச்சியின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் சில வாரம் போனதும் அவனே கண்டுபிடித்தான்: தாடை மூன்றைத் தொட்ட நாள்களில்தான் சாயங்காலம் வீட்டில் சண்டை. இப்போது தாடை இரண்டு என்றாலே எழுந்து போய் வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறான். “கோபம் வரப்போகிறது” என்பது அவனுக்கு முன்கூட்டித் தெரிவது தாடையில்தான்.

எச்சரிக்கை ஒன்று. உடம்பின் உள்ளே கவனித்தாலே சிலருக்கு எல்லாம் பெரிதாகிவிடும். இதயத் துடிப்பு கேட்கும், வயிறு புரளும். அப்படியானால் உடம்பை விட்டுவிட்டு வெளியே உள்ளதைக் கவனியுங்கள்: நாற்காலியின் மரம், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரக்கிளை, ரூய்பாஸ் டீ கோப்பையின் சூடு.

ஐந்தாம் படி: தலைக்குள் ஓடும் மறு ஒளிபரப்பு

மேலாளர் வாட்ஸப்பில் “பார்க்கலாம்” என்று ஒரே வார்த்தை அனுப்புகிறார். இரவு இரண்டு மணிக்கும் அந்த வார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன அர்த்தம், நான் என்ன தப்புச் செய்தேன், வேலை போய்விடுமா. 2013 ஆய்வில் குறைந்த மூன்றில் ஒன்று இந்தக் குமைச்சல்தான்.

எண்ணத்தை நிறுத்த முயல வேண்டாம். அது சரியா தவறா என்று வாதாடவும் வேண்டாம். ஒரே ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள்: “ஓடுது.” பிறகு காலுக்கு வாருங்கள். மறுபடி ஓடினால் மறுபடி “ஓடுது”, மறுபடி கால். ஒரே இரவில் நாற்பது தடவை நடந்தாலும் பயிற்சி சரியாகவே நடக்கிறது என்று பொருள். காலையில் அந்த மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: “பார்க்கலாம் என்றால் எந்தத் தேதிக்குள்?” எந்தத் தியானத்தைவிடவும் சீக்கிரம் பலன் தருவது இதுதான்.

பிடித்த விஷயத்தில் மூழ்குவதை இதோடு சேர்த்துவிடாதீர்கள். ரயில் நேர அட்டவணையோ பழைய கிரிக்கெட் ஸ்கோரோ, அதில் மூன்று மணி நேரம் கிடந்துவிட்டு எழும்போது உடம்பு லேசாக இருந்தால் அது ஓய்வு. குமைச்சலிலிருந்து எழும்போது தாடை கல்லாக இருக்கும். எண்களை எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மெல்ட்டவுன் நடக்கும்போது

சத்தமும் நெருக்கடியும் தாங்க முடியாமல் கட்டுப்பாடு உடைந்து அழுகையாகவோ கத்தலாகவோ வெடிப்பதுதான் மெல்ட்டவுன். அப்போது பயிற்சி கிடையாது. அவ்வளவுதான். எண்கள் இரண்டு, மூன்றில் இருக்கும்போதுதான் பயிற்சிக்கு இடம். ஐந்தைத் தொட்டபின் விளக்கை அணையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள், பேசாதீர்கள். “மூச்சை இழுத்து விடு” என்பதும் அந்த நேரத்தில் இன்னொரு சத்தம்தான். கேட்காமல் தொடாதீர்கள். ஒன்றும் பேசாமல் உறைந்து போகும் ஷட்டவுனுக்கும் இதே கவனிப்புதான். முடிந்தபின் தூக்கம் வேண்டும். ஏன் இப்படிச் செய்தாய் என்ற விசாரணையை மறுநாளுக்குத் தள்ளுங்கள், முடிந்தால் கைவிடுங்கள்.

ஒன்பது வாரத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் மூன்று வாரம் உள்ளங்கால் மட்டும், தினம் மூன்று நிமிடம். எண்ணை எழுதுவதையும் இரண்டாம் வாரம் தொடங்கலாம். நான்காம், ஐந்தாம் வாரத்தில் நேரத்தை ஐந்து நிமிடமாக்கி, எரிச்சலான நினைவோடு பழகுங்கள். அதன்பின் நாற்காலியை விட்டு வெளியே கொண்டுபோங்கள்: பாத்திரம் கழுவும்போது, ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) சிவப்பு விழுந்து கார் நிற்கும்போது, வேலைக்கு நடக்கும்போது. கடைசி இரண்டு வாரம் “ஓடுது” பயிற்சி. ஒரு படி பிடிபடவில்லை என்றால் அதிலேயே இன்னும் இரண்டு வாரம் இருங்கள். நடுவில் நாள்கள் விட்டுப்போனால் விட்டுப்போனதை ஈடுகட்ட வேண்டாம். எல்லாவற்றையும் நூறு சதவீதம் செய்யத் துடிக்கிறவர்களுக்கு இதைத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எப்போது தனியாகச் செய்யக் கூடாது, யாரிடம் போவது?

பழைய கொடுமையின் காட்சிகள் கண்முன் வந்து போகிறவர்கள், இல்லாத குரல் கேட்கிறவர்கள், படுக்கையை விட்டு எழ முடியாத அளவு சோர்வில் இருப்பவர்கள் தனியாக ஆரம்பிக்க வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பயிற்சி நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். சாடாக் எனப்படும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் இலவச எண் 0800 567 567. உடனடி ஆபத்தென்றால் ஆம்புலன்சுக்கு 10177, செல்ஃபோனிலிருந்து 112.

உளவியலாளரைத் தேடும்போது அவர் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க அமைப்பான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்தவரா என்று இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பிறகு கேளுங்கள்: ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, குழந்தைகளோடு மட்டும்தானா? அமர்வில் என்ன நடக்கும் என்று முன்பே எழுதி அனுப்புவீர்களா? கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமா? நடந்துகொண்டே பேசலாமா? அறையின் விளக்கைக் குறைக்க முடியுமா? கேள்விகளை ஈமெயிலில் அனுப்பினால் போதும். நேரில் கேட்க வேண்டிய அவசியமில்லை. அவர் முகம் சுளித்தால் அடுத்தவரைப் பாருங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) எத்தனை அமர்வுக்குக் கொடுக்கும் என்பதை முதல் அமர்வுக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அரசு வழியில் போவதென்றால் பக்கத்து கிளினிக்கில் தொடங்கி மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்க வேண்டும். காத்திருப்பு நீளம், ஆனால் வழி இருக்கிறது. ஆட்டிசம் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பிடமும் விவரம் கேட்கலாம்.

குவாசுலு-நட்டாலில் இக்ஸோபோ ஊருக்குப் பக்கத்து பௌத்த ஆசிரமம் மாதிரியான இடங்களில் நாள் கணக்கில் மௌனமாக உட்காரும் முகாமுக்கு எடுத்த எடுப்பிலேயே போக வேண்டாம். புது இடம், புதுச் சாப்பாடு, புது மனிதர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் முதல் இரவே பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். மலை அழகாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

ஒன்பது வாரம் முடிந்ததும் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கிய வாரத்து எண்களையும் கடைசி வாரத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ இறங்கியிருந்தால், அல்லது எண் அப்படியே இருந்தும் மெல்ட்டவுன் குறைந்திருந்தால், தொடருங்கள். எதுவும் மாறவில்லை என்றால் விட்டுவிடலாம். 2017-இல் நெதர்லாந்தில் 59 பேரை வைத்து மைண்ட்ஃபுல்னெஸையும், எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் சி.பி.டி. சிகிச்சையையும் ஒப்பிட்டபோது இரண்டும் பதற்றத்தையும் சோர்வையும் குறைத்தன. அட்டவணை போட்டு, காரணம் கேட்டு, தர்க்கமாகப் போவதை விரும்புகிறவர்களுக்குச் சி.பி.டி. இதைவிடப் பிடித்துப்போகலாம். அந்த நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய்த் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். முதல் அமர்வில் வாயால் சொல்ல வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கும்.